சொர்ணக்கா வீட்டு வெந்நீர்

சொர்ணக்காவுக்கு எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. வியாழக்கிழமை குழந்தை யேசு கோயில் வரிசையில் முன்னால் நிற்பவளின் ஜாக்கெட்டில் ஒரு நூல் தொங்கினால் போதும், இழுத்துப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் சாமி கும்பிடுவாள். அந்தப் பெண் திரும்பி முறைத்தால், "நூல் தொங்குச்சும்மா, நீ முன்னாடி பாரு" என்று அவளுக்கே உத்தரவு போடுவாள். எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். முதல் வீட்டின் முன்னறையில் அக்கா புடவைக்கு ஃபால்ஸ், பிகோ தைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி நான், காந்தா. அவள் மெஷினுக்கு அருகே பாய் விரித்து உட்கார்ந்து முந்தானைகளுக்குக் குச்சு கட்டுகிறேன். நான் கட்டிய குச்சில் பாதியையாவது அவள் அவிழ்த்துக் கட்டச் சொல்லியிருப்பாள். கோபம் வரும்தான். ஆனால் அவிழ்த்துக் கட்டிய பிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதனால் இன்னும் கோபம் வரும்.

அவள் வீட்டுக்காரர் அசோகன் மாமா இதற்கு நேர் எதிர். ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ் ஓட்டியவர். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றுகொண்டும் ஹார்ன் அடிக்காத மனிதர் என்று அந்தக் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான், அக்கா பேசுவாள், அவர் பேப்பரைத் திருப்புவார்.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கையும் மேலே கீழே அசைகிறது. ஆனால் வலது பக்கத்துக்கு உணர்ச்சி வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், நானே குளிக்கிறேன் என்று உள்ளே போனவர் பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, பழக்க தோஷத்தில் வலது கையை விட்டுச் சூடு பார்த்திருக்கிறார். அந்தக் கைக்கு என்ன தெரியும்? சுடவில்லை என்று நினைத்து மொண்டு மொண்டு வலது தொடையில் ஊற்றிக்கொண்டு, வேட்டி கட்டி வெளியே வந்து, இட்லியும் சாப்பிட்டு முடித்தார். தோல் உரிந்திருப்பதை அக்காதான் மத்தியானம் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை நான் இந்தச் சுவரைத் தாண்டிக் கேட்டேன்.

மறுநாளிலிருந்து அவளே குளிப்பாட்ட ஆரம்பித்தாள். கடை திறப்பதற்கு முன்னால் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையால் சூடு பார்த்து, தலைக்கு ஊற்றி, தேய்த்து, துடைத்து, சட்டை மாட்டி வெளியே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவாள். எல்லாவற்றையும் போல அதையும் மடமடவென்று சுத்தமாகச் செய்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம். காம்பவுண்டில் யார் யாரைப் பார்த்தாலும் காலையில் 'திண்டி ஆயித்தா', அதாவது டிபன் ஆச்சா என்று கன்னடத்தில் கேட்பது இந்த ஊர் வழக்கம். அக்காவைப் பார்த்தால் மட்டும், "மாமாவைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்போம். அவர் ஈரத் தலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலைமையில்தான் கீசர் ஒழுக ஆரம்பித்தது. பரணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பழைய கீசர், அடிப்பக்கம் துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எங்கள் பக்கத்தில் குழாய், வயர் இரண்டும் பார்ப்பவன் ஃபிராங்க்ளின். வேலை செய்துகொண்டே பேசுவான், வேலை முடிந்த பிறகும் பேசுவான். ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னான்.

"அக்கா, டேங்க் போயிடுச்சு. உப்புத் தண்ணி தின்னுடுச்சு. இனிமே ரிப்பேர் எல்லாம் சும்னே, தண்டச் செலவு. பேசாம டேங்க் இல்லாததுக்கு மாறிடுங்க."

"டேங்க் இல்லாம எப்படிடா குடித்தனம் பண்றது?" என்றாள் அக்கா.

"எல்லாரும் மாறிக்கினுதான் இருக்காங்க. டேங்க்ல தண்ணிய ரொப்பி வெச்சுக்கினு இன்னா பிரயோஜனம்? வர்ற தண்ணி வந்துக்கினே இருக்கும்."

எங்கள் காம்பவுண்டில் டேங்க் என்றால் ஒன்றுதான். மொட்டை மாடியில் நான்கு வீட்டுக்கும் பொதுவாக நிற்கிற கறுப்பு டேங்க். காவேரித் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அந்த டேங்க் இருப்பதால்தான் நாங்கள் முகம் கழுவுகிறோம். கடைசி வீட்டு அனந்தலக்ஷ்மி அம்மாவுக்குப் பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது. ஆனால் அவருக்கு எப்போதும் பாதியே போதும். "சொர்ணம் டேங்க்க எடுக்கப் போறாளாம்" என்று வாசலில் சொல்லிவிட்டு, முட்டிவலியையும் பொருட்படுத்தாமல் மாடிக்கு ஏறிப் போய் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே அக்கா, "நாலு வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கடா, நான் கையெழுத்தெல்லாம் வாங்க முடியாது" என்று ஃபிராங்க்ளினிடம் கத்திக்கொண்டிருந்தாள். அவனுக்கு விஷயம் புரியவே சற்று நேரம் ஆனது.

"அய்யோ அக்கா, மாடில இருக்கிறது இல்ல. கீசருக்குள்ள இருக்கிற டேங்க்க சொல்றேன்."

அனந்தலக்ஷ்மி அம்மாவை நான்தான் கை பிடித்து இறக்கினேன். ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஃபிராங்க்ளின் பொறுமையாக விளக்கினான். பழைய கீசரில் தண்ணீர் நின்று காயும், திறந்தால் ஒரேயடியாகக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். இதில் குழாயில் ஓடும்போதே சூடாகும். கேஸில் ஓடுகிற வகை ஒன்று இருக்கிறது, ஆனால் ஜன்னலே சரியாக இல்லாத பாத்ரூமில் அதை வைத்தால் மூச்சு முட்டி ஆள் போய்விடும், தான் மாட்டித் தரமாட்டேன் என்றான். கரண்டில் ஓடுவதுதான் இந்த வீட்டுக்குச் சரி. "மேல இவ்ளோ டிகிரின்னு நம்பர் இருக்கும். முப்பத்தொம்போதுல வெச்சீங்கன்னா அவ்ளோதான். அதுக்கு மேல ஏறாது."

"எவ்வளோ நேரம் விட்டாலும் ஏறாதா?"

கேட்டது அசோகன் மாமா. பேப்பரை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏறாது அண்ணே."

"அப்ப நானே குளிக்கலாம்."

அக்கா ஃபிராங்க்ளினைப் பார்த்து, "பழைய மாதிரியே ஒண்ணு வாங்கி மாட்டிடு" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். தனி வயர் இழுக்க வேண்டும், கரண்ட் ஆபீசில் லோடு ஏற்ற வேண்டும், உப்பு அடைத்தால் வருடா வருடம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போனால் என்ன கதி என்று அவள் காரணங்களை அடுக்கினாள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவள் குரலில் இருந்தது அவை எதுவும் இல்லை, அது பயம். சொர்ணக்கா பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் எனக்கு உடனே பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் கல்யாண வீட்டுப் புடவைகளை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மும்முரமாக இருந்தோம். மாமா உள்ளேயிருந்து காலை இழுத்துக்கொண்டு கடை வாசற்படிக்கு வந்தார். வேலை நேரத்தில் அங்கே வருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"நான் குளிச்சு ஒன்றரை வருஷம் ஆவுது சொர்ணா" என்றார்.

மெஷின் நின்றது. "இன்னா பேசறீங்க? ஒரு நாளாவது விட்டிருக்கேனா? எனக்கு ஜுரம் அடிச்சப்பகூட உங்களுக்கு ஊத்திட்டுத்தானே போய்ப் படுத்தேன்?"

"நீ குளிப்பாட்டுற" என்றார் அவர். "நான் குளிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுவோம், மாட்டைக் குளிப்பாட்டுவோம், செத்துப்போனவர்களைக் குளிப்பாட்டுவோம். அவர் ஐம்பத்தெட்டு வயது மனிதர், நகரத்தின் நெரிசலில் பஸ் ஓட்டியவர். நாங்கள் தினமும் காலையில் அவர் காதுபட அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. வராமல் இருக்குமா? "நான் என்ன கடனுக்கா செஞ்சேன், காந்தா?" என்று என்னிடம் பாய்ந்தாள். அப்புறம் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு புடவைக்கு ஃபால்ஸை மாற்றித் தைத்து, இரண்டையும் பிரித்துத் தைத்தாள். அவள் தைத்ததைப் பிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் நான் பாயை விரிப்பதற்குள், "ஃபிராங்க்ளினுக்குப் போன் போடு. அவன் அத மாட்டிக் குடுத்திருக்கிற வீடு ஏதாவது பக்கத்துல இருக்கான்னு கேளு" என்றாள். இருந்தது, பொம்மனஹள்ளியில். கடைக்கு அரை நாள் லீவு விட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். கையில் ஒயர் கூடை. கூடையில் என்ன என்று கேட்டால் "சும்மா இரு" என்றாள்.

அங்கே கிருத்திகா என்று ஒரு பெண். சேலத்துக்காரி, ஐ.டி.யில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். ஃபிராங்க்ளின் முன்னாலேயே போய்ச் சொல்லி வைத்துவிட்டு அங்கேயே எங்களுக்காகக் காத்திருந்தான்.

"வாங்க ஆன்ட்டி. ஹீட்டர் பார்க்கணும்னு சொன்னீங்களாமே?"

"பார்க்க இல்லம்மா, குளிக்க வந்திருக்கேன்" என்றாள் அக்கா. கூடையிலிருந்து துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை எல்லாம் வெளியே வந்தன.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணும் ஒரு நிமிடம் விழித்தாள். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "புடவை வாங்கறப்ப பிரிச்சுப் பார்க்காம வாங்குவமா? என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் சூடு தெரியாது. அவரு தனியா குளிக்கணும்ங்கிறாரு. நான் ஊத்திப் பார்க்காம அவர உள்ள அனுப்ப மாட்டேன்" என்றாள். கிருத்திகா போய்ப் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

அக்கா உள்ளே போனாள், வெளியே வருவதாக இல்லை. கிருத்திகா எனக்குக் காபி கொடுத்தாள், ஒரு மீட்டிங் முடித்தாள், இன்னொன்றுக்கு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அவ்வப்போது உத்தரவுகள் வந்தன. "நம்பர ஏத்தறேன்." "இப்ப இறக்கறேன்." "குழாய மூடித் திறக்கறேன், முதல் தண்ணி சுடுதான்னு பார்ப்போம்." பிறகு, "ஃபிராங்க்ளின், நான் தலைக்கு ஊத்திக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாம ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணு."

அவன் என்னைப் பார்த்தான். நான் பண்ணு என்று தலையாட்டினேன். உள்ளே "ஆ" என்று ஒரு சத்தம், உடனே சிரிப்பு.

வெளியே வந்தபோது அவள் முகம் பளபளவென்று இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே முடிவைச் சொன்னாள். "நம்பர் சொன்ன இடத்துல நிக்குது. கரண்ட் போனா ஜில்லுனு வருது, அவ்ளோதான். ஜில்லுனு வந்தா இடது பக்கம் தெரியும், கத்துவாரு, எனக்குக் கேக்கும். சுட்டாதான் வலது பக்கம் சத்தம் போடாது. இது சுடாது." பிறகு ஃபிராங்க்ளின் பக்கம் திரும்பினாள். "பொட்டிய பாத்ரூமுக்கு வெளிய மாட்டணும். நம்பர் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும். தண்ணி மட்டும் உள்ள போவட்டும்."

முடிவு எடுத்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. கரண்ட் ஆபீசில் லோடு ஏற்றுவதற்கு அவளே போய் நின்றாள். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் சண்டை போட்டு மறுபடி கன்னடத்தில் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மீட்டரிலிருந்து தடிமனான தனி வயர் வந்தது. பாத்ரூம் சுவரில் இடது கைக்கு எட்டும் உயரத்தில் எஃகுக் கம்பி ஒன்றும், தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பும் வந்தன. ஷவர் குழாயை இடது பக்கம் மாற்றினார்கள். அனந்தலக்ஷ்மி அம்மா வந்து டேங்க் இல்லாத அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா?" என்று ஏமாந்துபோனார்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தாழ்ப்பாள்?"

அந்தக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளை அக்கா எப்போதோ கழற்றிப் போட்டிருந்தாள்.

"தாழ்ப்பாள் எதுக்கு? நம்ம வீடுதானே, யாரு வரப் போறா?"

"யாரும் வர மாட்டாங்கன்னா போட்டா இன்னா?"

"உள்ள விழுந்துட்டீங்கன்னா?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "கதவு இந்தப் பக்கம் நின்னுக்கினு நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க. அன்னிக்கு நீங்க விழுந்தப்ப நான் பக்கத்து ரூம்ல மெஷின் ஓட்டிக்கினு இருந்தேன். சத்தம்கூடக் கேக்கல எனக்கு."

பக்கவாதம் வந்த நாளைச் சொன்னாள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை, மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தாழ்ப்பாள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பொறுமைசாலிகளின் பிடிவாதம் இருக்கிறதே, அதைச் சாமான்யமாக அசைக்க முடியாது.

ஃபிராங்க்ளின்தான் வழி கண்டுபிடித்தான். பெரிய ஆபீஸ் பாத்ரூம்களில் போடுகிற ஒரு தாழ்ப்பாள் உண்டு, உள்ளே திருகிப் பூட்டலாம், வெளியே ஒரு பள்ளம் இருக்கும், அதில் காசை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். மாட்டி முடித்ததும் அக்கா அவரைக் கதவருகே கூட்டிப்போய் ஒளிவுமறைவில்லாமல் காட்டினாள். "காச வெச்சுத் திருப்பினா வெளியிலேர்ந்து திறக்கும். திருப்ப மாட்டேன். ஆனா திறக்கும், அத நீங்க தெரிஞ்சுக்கணும்."

"சரி" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் குளியல். அக்கா நம்பரை முப்பத்தெட்டில் வைத்தாள், ஒன்று குறைத்துத்தான். சோப்பை எடுத்துக் கொடுக்கப் போனாள், அவர் தானே எடுத்துக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் திரும்பும் சத்தம் கேட்டது.

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் ஐந்து ரூபாய்க் காசு. தண்ணீர் ஓடினால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அந்த நேரத்தில் அவள் வழக்கமாக அவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருப்பாள். இப்போது கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் காசை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். விளக்கு அணைந்து வெகுநேரமாக எரியவில்லை.

"சோப்பு போடறாரு அக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும், வாய மூடு."

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. அக்கா எழுந்தேவிட்டாள். காசு பள்ளத்துக்குள் போய்விட்டது. திருப்பவில்லை. நெற்றியைக் கதவில் வைத்து, "ஏங்க" என்றாள். பதில் இல்லை. "ஏங்க."

"தண்ணி மக்கு விழுந்துச்சு" என்று உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது. "குளிக்கிறப்ப கூப்பிடாத."

அந்த எரிச்சலைக் கேட்டதும் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றரை வருடமாக அவர் அவளிடம் எரிந்து விழுந்ததே இல்லை, அவள் கையில் இருப்பவர் எப்படி விழுவார்? காசை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதை மறைக்கவும் இல்லை. உள்ளே தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்தது, ஓடிக்கொண்டே இருந்தது. மனிதர் அவசரமே படவில்லை. அந்தப் பெட்டியும் வெந்நீர் தீர்ந்துபோச்சு என்று சொல்லவில்லை.

கடைசியில் தாழ்ப்பாள் திரும்பியது. மாமா வெளியே வந்தார். வேட்டியை ஒற்றைக் கையால் கட்டியிருந்ததால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தலையைத் தானே துவட்டி, தானே வாரியிருந்தார். முகத்தில் பழைய டிரைவர் தெரிந்தார். வலது காதுக்குப் பின்னால், உணர்ச்சி இல்லாத அந்தப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சோப்பு நுரை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவள் கை தானாகவே மேலே எழுந்தது, முந்தானை நுனியும் அதோடு எழுந்தது. அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை திரும்பி வந்து, சரியாகவே இருந்த தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது. நான் வாயைத் திறக்கப் போனேன், என் காலை அழுத்தி மிதித்தாள்.

"காபி போடட்டுமா?" என்று அவரைக் கேட்டாள்.

"போடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். மூன்று பேரும் காபி குடித்தோம். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் அந்த நுரை அவர் காதுக்குப் பின்னாலேயே காய்ந்து வெள்ளையாகிவிட்டது.